மூன்று ஜோடி சாக்ஸ்

எங்கள் ஊர் நர்சம்மா யார் வீட்டுக்குள்ளும் ஈரக் காலோடு நுழைந்ததில்லை. ஐப்பசி கார்த்திகையில் நாங்கள் எல்லாரும் முழங்கால் வரைக்கும் சேறோடு திரிவோம். அவர் மட்டும் காய்ந்த காலோடு வாசலில் வந்து நிற்பார். எப்படி வந்தார் என்று பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாரும் வருகிற அதே வரப்பில்தான் வந்தார். எனக்குத் தெரியும், கூட நடந்தவள் நான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது, எங்கே இருக்கிறாரோ. எங்கே இருந்தாலும், அவரைப் பற்றி நான் ஒருமுறை வாயைத் திறந்தது போதும் என்றுதான் நினைப்பார்.

பெருநகர் என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே கவர்மெண்டு கட்டிய இரண்டு ரூம் கட்டடத்தை நாங்கள் நர்சு வீடு என்போம். ஊசி, மாத்திரை, கர்ப்பவதிகளுக்குப் பரிசோதனை எல்லாம் அங்கேதான். கட்டடத்தைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. மழைக் காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஏரிக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடு கொண்ட காலனி ஒன்று இருக்கிறது. நான் பிறந்த இடம் அதுதான், வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம். வெயில் நாளில் ரோட்டிலேயே போய்விடலாம். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தால் ரோடு முழுகிவிடும். அப்புறம் ஏரிக்கரை மேலே நடந்து, கலங்கலில் இறங்கி ஏறி, வயல் வரப்பைப் பிடித்துத்தான் போக வேண்டும். ஒன்றரை மணி நேர நடை. அந்த வழி எனக்குத் தெரியும் என்பதால் நர்சம்மா என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். தடுப்பூசிப் பெட்டி என் தலையில், குடை அவர் கையில்.

அவருடைய தோள் பையில் மருந்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் மூன்று ஜோடி சாக்ஸ், பழைய வேட்டியைக் கிழித்த துணி நாலைந்து, குழந்தைக்குப் போடுகிற பவுடர் ஒரு டப்பா. கலங்கலில் இறங்குவதற்கு முன்னால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கவரில் போட்டுக்கொண்டு, பட்டை வைத்த ரப்பர் செருப்புக்கு மாறிக்கொள்வார். வெறுங்காலில் ஒரு அடி வைக்க மாட்டார். கலங்கலைத் தாண்டி வயலில் நடந்தால், காலனிக்குச் சற்று முன்னால் ஒரு பம்ப்செட் கொட்டகை வரும். அதற்குள் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அவசரமே படமாட்டார். வெளியே மழை எவ்வளவு கொட்டினாலும், இருட்டிக்கொண்டு வந்தாலும் அந்தத் துடைப்பு முடிந்துதான் எழுந்திருப்பார். பவுடர் வாசனை எனக்கு வரும். அப்புறம் புது சாக்ஸ், காய்ந்த ஷூ. திரும்பி வரும்போதும் அதே கதை. மூன்றாவது ஜோடி, வழியில் வழுக்கி விழுந்தால் போட்டுக்கொள்ள.

இந்த முறைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் வருஷம் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். கலங்கலில் தண்ணீர் அதைவிட ஒரு சாண் உயரமாகப் போனது. அக்கரையில் ஏறி பூட்ஸைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர். இடது பூட்ஸிலிருந்து மீன் குஞ்சு ஒன்று விழுந்து துள்ளியது. அங்கே கூடை வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் விடுவார்களா. "நர்சம்மா, எங்க கூடையில ஒண்ணும் தேறல. அந்த பூட்ஸக் கொஞ்சம் வாடகைக்குக் குடுங்க" என்றாள் ஒருத்தி. நர்சம்மாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த வருஷம் சாக்ஸுக்கு மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் கொட்டகையில் அவிழ்த்துப் பார்த்தால் கால் அவித்த கிழங்கு மாதிரி வெளுத்துப் போயிருந்ததாம். எல்லாம் வேர்வை. "வெளித் தண்ணிய நிறுத்தினா உள்தண்ணி வருதுக்கா" என்றார். அன்றோடு கவரை விட்டார். நனைவதை நிறுத்த முடியாது, நனைந்ததை எத்தனை சீக்கிரம் காயவைக்கிறோம் என்பதுதான் விஷயம் என்று முடிவுக்கு வந்தார். ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வைப்பார். கரண்டு இல்லாத நாளில் பிழிந்த சாக்ஸை இடுப்பில் சொருகிக்கொண்டு படுத்துவிடுவாராம். காலையில் உடம்புச் சூட்டில் காய்ந்திருக்குமாம். எனக்கு அதைக் கேட்கவே கூசியது. அவருக்குக் கூச்சமே இல்லை.

அடுத்தவர் காலையும் விடமாட்டார். காலனியில் யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். நடவு நட்டுவிட்டு வருகிற எங்களுக்கு மழைக் காலம் முழுக்க சேற்றுப்புண் இருக்கும். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவுவோம், மருதாணி அரைத்துவைத்துக் கட்டுவோம். அதையெல்லாம் அவர் தப்பு என்று சொல்லமாட்டார். "தடவறதுக்கு முன்னாடி தொடச்சியா? விரலுக்கு நடுவுல தொடச்சியா?" இது மட்டும்தான் கேட்பார். யாராவது ஆமாம் என்று சும்மா சொன்னால் குனிந்து பார்த்துவிடுவார். எனக்கும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, தரையைப் பார்த்துத்தான் நிற்பேன். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஊரில் யார் கால் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். வழியில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவோம். அதாவது அவர் பேசுவார்.

ஒருநாள் கொட்டகையில் அவர் கால் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவரோரமாகத் தண்ணிப்பாம்பு ஒன்று நெளிந்து வந்தது. வெடுக்கென்று காலைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பிவிட்டார். இடது காலில் கடைசி இரண்டு விரல் இல்லை. அந்த இடம் தையல் தழும்போடு வழவழவென்று இருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். துணியை மடித்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார். சுகர் வந்து பல வருஷம் ஆகிறதாம். முன்னால் வேலை பார்த்த ஊரில் ஒரு மழைக்கு நாலு நாள் நனைந்த ஷூவோடு நடந்திருக்கிறார். விரல் இடுக்கில் சின்னதாக ஒரு கொப்புளம். கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் காலையெல்லாம் பார்த்தவர் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. வாடை வந்த பிறகுதான் பார்த்தாராம். வெளியூரில் காசு கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்டு, ஆபீசுக்குச் சொந்தத்தில் கல்யாணம் என்று லீவு எழுதிப் போட்டிருக்கிறார்.

"யாருக்கும் தெரியாதுக்கா. தெரிஞ்சா, நடக்கற வேலைக்கு லாயக்கில்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி உக்கார வெச்சுடுவாங்க. நான் உக்கார்ற ஆள் இல்ல. இந்த வேலையில எனக்குப் புடிச்சதே நடக்கறதுதான்."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"சொல்லமாட்டேம்மா" என்றேன்.

மழை நாளில் எங்கள் பக்கம் வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். வருகிறவர்களுக்குச் சொம்பில் மொண்டு கொடுப்போம். வாங்கிக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்கள். கொடுப்பது நம் மரியாதை, வாங்கிக்கொள்வது அவர்கள் மரியாதை. எங்கள் காலனியில் இதற்கு இன்னும் கொஞ்சம் கனம் உண்டு. எங்கள் கையால் தண்ணீர் வாங்காதவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

நர்சம்மா சொம்பை வாங்கமாட்டார். ஷூவை வாசலில் விட்டுவிட்டுக் காய்ந்த சாக்ஸோடு உள்ளே வருவார். ஊர்த்தெரு வீடுகளுக்குள்ளும் அப்படித்தான் போவார். அங்கே அதைப் பார்த்து நர்சம்மா ரொம்ப சுத்தம் என்றார்கள். காலனியில் அதே சாக்ஸைப் பார்த்து வேறு மாதிரி நினைத்தார்கள். முதலில் சொன்னது என் அண்ணிதான். என் அண்ணன் பெண்சாதி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். ஊர்த்தெரு வீட்டுக்குள் அவள் போய்ப் பார்த்ததில்லை.

"உங்க நர்சம்மாவுக்கு எங்க வூட்டுத் தரை கால்ல பட்டா இன்னாவாம், ஒட்டிக்கினு வந்துடுமா? ஊர்த்தெருவுல சாக்ஸ கயட்டிட்டுத்தான் போவாங்க. இங்க மட்டும் போட்டுக்கினு வர்றாங்க. அடுத்த தபா கைக்கும் ஒறை மாட்டிக்கினு வரச் சொல்லு நாத்தனா."

"அப்டிலாம் இல்ல அண்ணி" என்றேன்.

"பின்ன எப்டி? நீதான் கூடவே சுத்தறியே, சொல்லு."

வாக்குக் கொடுத்திருக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவளுக்கு ஆமாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு வீடாக மாறியது. நர்சம்மா போனால் பாய் விரிக்கமாட்டார்கள். குழந்தைகளுக்கு ஊசி போட வெளியிலேயே தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். திரும்பி வரும்போது அவர் கேட்பார், என்னக்கா முன்ன மாதிரி யாரும் பேசறதில்லையே, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா என்று. நடவு நேரம்மா, வேலை அலுப்பு என்பேன். பிறந்த வீட்டு ஜனங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. இப்படி ஒரு வருஷம் போயிற்று.

மறு கார்த்திகையில் அண்ணியின் மருமகள் எட்டு மாதம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். நர்சம்மா பார்த்துவிட்டு பி.பி. ஏறியிருக்கிறது, காலும் முகமும் வீங்கியிருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றார். அண்ணி முடியாது என்றுவிட்டாள். நம்மைக் கண்டால் ஆகாதவர் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்குப் பிறகு மூன்று நாள் விடாத மழை. கலங்கல் இடுப்பளவு போனது. நாலாம் நாள் காலையில் நர்சம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தப் பெண்ணை நினைத்தால் தூக்கமே வரவில்லை, வாக்கா போகலாம் என்றார்.

கலங்கலில் நான் முன்னால் இறங்கி, அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் வழக்கம்போல் துடைத்து, சாக்ஸ் மாற்றிக்கொண்டார். அண்ணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பொம்பளைகள் பக்கத்து வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழே ஒதுங்கி நின்றார்கள். நர்சம்மா ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார், உள்ளே போவதற்கு முன்னால் பையைத் திறக்க. அண்ணி சொம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கால கயுவிக்கினு உள்ள வாங்க. இல்லன்னா இப்டியே போயிடுங்க. நாங்களும் மனுசங்கதான்."

நர்சம்மாவுக்கு முதலில் புரியவில்லை. சொம்பைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மருமகள் அப்போது கேட்டாள்: "அத்தே, லைட்ட யாரு நிறுத்தினது?"

அவள் தலைக்கு நேர் மேலே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கர்ப்பவதிக்குக் கண் மங்கினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி என்று நர்சம்மா எத்தனையோ பேருக்குச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே கிடையாது.

"அவங்களுக்கு விரலு இல்ல அண்ணி. சுகர்ல ரெண்டு விரல எடுத்துட்டாங்க. ஈரம் படக்கூடாது. அதுக்குத்தான் சாக்ஸு. வேற ஒண்ணும் இல்ல. வழிய வுடு அண்ணி, உம்மருமவ செத்துடுவா."

கண்ணைத் திறந்தபோது அண்ணி ஒதுங்கி நின்றிருந்தாள். நர்சம்மா உள்ளே போய்விட்டிருந்தார்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, எட்டு ஆம்பளைகள் தோளில் தூக்கிக்கொண்டு கலங்கலைத் தாண்டினார்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நர்சம்மா ஷூவும் சாக்ஸுமாகவே தண்ணீரில் இறங்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கூடவே வந்தார். அப்படியே வண்டியில் ஏறிப் போனார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. நர்சம்மாவின் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காலனி அப்படியே மாறிப் போயிற்று. வீட்டுக்கு வீடு அவருக்கென்று காய்ந்த துண்டும் பிளாஸ்டிக் நாற்காலியும் எடுத்துப் போட்டார்கள். கிழவிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் எல்லாருக்கும் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். ஆனால் திரும்பி வரும்போது பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு இரண்டடி முன்னால் நடந்தார். அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் எங்கள் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். பெரிய டாக்டர், ஆபீசர் எல்லாம் காரில் வந்தார்கள். குறை எதுவும் உண்டா என்று மைக்கில் கேட்டபோது அண்ணி எழுந்தாள். மடியில் பேத்தி.

"கொறை ஒண்ணும் இல்ல சார். ரெண்டு விரலு இல்லாத காலோட இந்தம்மா கலங்கல் தாண்டி வந்து எங்க புள்ளையக் காப்பாத்தினாங்க. சுகர வெச்சிக்கினு மழையில நடக்கறாங்க. இவங்களுக்கு நீங்க இன்னா மரியாத செய்யப் போறீங்க, அத சொல்லுங்க."

பந்தலே கை தட்டியது. நானும் தட்டினேன். நர்சம்மா மேஜைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். ஆபீசர் அவரைக் கூப்பிட்டு அப்படியாம்மா என்று விசாரித்தார். ஆபீசர் குரலில் கோபம் எதுவும் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பங்குனியில் ஆர்டர் வந்தது. அவர் உடம்பு நிலையை உத்தேசித்து டவுன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சால்வை போட்டு அனுப்பினோம்.

நான் அவரைப் பார்க்கப் போக ஐப்பசி ஆகிவிட்டது. எனக்குப் பி.பி. இருந்தது, அதைச் சாக்காக வைத்து பஸ் ஏறினேன். வாசலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்து, உட்காருக்கா என்று ஸ்டூலைக் காட்டினார். பேனாவை நிறுத்தாமலே விசாரித்தார். கலங்கல் வழிகிறதா. கரையில் எந்த இடத்தில் மண் சரிந்திருக்கிறது. புது நர்சுப் பெண் எந்த வழியாக வருகிறாள். குழந்தை நடக்கிறதா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"நான் அன்னிக்கு சொன்னதாலதாம்மா உங்களுக்கு இப்டி ஆயிடுச்சு. சொல்லாம இருந்தா அந்தப் பொண்ணு..."

"அது சரிதான்" என்றார். "அந்தச் சொம்பு விஷயம், அவங்க அப்படி நெனைக்கறாங்கன்னு உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ஒரு வருசமா."

பேனா நின்றது.

"ஒரு வருசமா என் கூட நடந்த."

நான் அவர் மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் சாக்ஸக் கழட்டத்தான்க்கா கீழ உருட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு கேட்டதுமே குனிஞ்சிட்டேன். அந்தத் தண்ணிய வாங்கிக் கழுவிட்டு உள்ள போயிருப்பேன். என் கால நானே காட்டியிருப்பேன். வெளிய சொல்லாதீங்கன்னு அவங்ககிட்ட நானே கேட்டிருப்பேன். நீ கண்ண மூடிக்கிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊருக்கு வழி சொல்வது மாதிரிதான் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஆள் செருமினார். அதுவரைக்கும் எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது, ஒரு நாளாவது வாயைத் திறந்தேனே, ஒரு உயிர் பிழைத்ததே என்று. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அது கழன்று போய்விட்டது. எழுந்தால் போதும் என்றிருந்தது.

அவர் சீட்டை எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார். மாத்திரை மூன்றாம் நம்பர் ரூமில் என்றார். நான் எழுந்து நாலடி போன பிறகு கூப்பிட்டார்.

"முப்பது நாளைக்குத்தான் எழுதியிருக்கேன். அடுத்த மாசம் வா."

"வர்றேம்மா" என்றேன்.

பி.பி. மாத்திரை எங்கள் ஊர் நர்சு வீட்டிலேயே கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டியதில்லை. அது அவருக்கும் தெரியும்.